எம்.பி. ஆசனம் காலியானால் அடுத்தது யார்? இலங்கையில் கணிக்கும் முறை

இலங்கையில் ஓர் எம்.பி. காலமானாலோ பதவி விலகினாலோ, அரை மணி நேரத்துக்குள் முகநூலில் நாலு பெயர் ஓடத் தொடங்கிவிடும். "தலைவர் இன்னாருக்குத்தான் கொடுப்பார்" என்று அடித்துச் சொல்வார்கள். பாதிக்கு மேல் பிழையாகவே இருக்கும். மாவட்டத்தில் தெரிவான ஆசனம் என்றால் தலைவருக்குக் கொடுக்க எதுவும் இல்லை. அடுத்தவர் யார் என்பது கடந்த தேர்தல் வாக்கு எண்ணிய இரவிலேயே தீர்ந்துபோன விஷயம். தேசியப் பட்டியல் ஆசனம் (நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைப்பது) என்றால் கதை வேறு. எனவே பெயரைத் தேடுவதற்கு முன்பு ஆசனத்தின் வகையைப் பாருங்கள்.

மொத்தம் 225 ஆசனங்கள். அவற்றில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து வருகிறார்கள்; மிச்சம் 29 தேசியப் பட்டியல். தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே இடைத்தேர்தலைத் தேட வேண்டாம். இந்தியாவில் ஒரு மக்களவைத் தொகுதி காலியானால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். இலங்கையின் விகிதாசார முறையில், காலியான எம்.பி. ஆசனத்துக்காக மக்கள் மறுபடி வாக்குச்சாவடிக்குப் போவதில்லை.

ஆசனம் உண்மையிலேயே காலியா?

இதை உறுதிப்படுத்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பதவி விலகல் என்றால் எம்.பி. தன் கையெழுத்துடன் நாடாளுமன்றச் செயலாளர் நாயகத்துக்கு எழுத வேண்டும். ஊடகச் சந்திப்பில் "விலகிவிட்டேன்" என்பதற்குப் பெறுமதி இல்லை. கட்சித் தலைவரிடம் கொடுத்த கடிதமும் செயலாளர் நாயகத்தின் கைக்குப் போகும்வரை வெறும் தாள். 1982இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதியிடாத விலகல் கடிதங்களை வாங்கி வைத்திருந்தது இதைக் குறிவைத்துத்தான்: வேண்டியபோது திகதி போட்டு அனுப்பிவிடலாம்.

சபையின் அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலும் ஆசனம் போய்விடும். 1983இல், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற ஆறாவது திருத்தச் சத்தியப்பிரமாணத்தை மறுத்து ஒதுங்கியிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் ஆசனம் இழந்தது இந்த விதியால். ஆனால் அனுமதி பெற்ற விடுமுறை இந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டில் சிகிச்சை பெறும் எம்.பி.க்கு அவருடைய கட்சிக்காரர் ஒருவர் சபையில் விடுமுறைப் பிரேரணை கொண்டுவருவது அதற்காகத்தான். அந்த மாதங்களில் அவருக்குப் பதிலாக யாரும் வந்து அமர முடியாது. நோர்வேயில் ஓர் எம்.பி. அமைச்சரானாலோ விடுப்பில் போனாலோ அவருடைய பட்டியலில் தெரிவான துணைப் பிரதிநிதி வந்து அமர்வார். இலங்கையில் தற்காலிகப் பதிலாள் என்ற ஏற்பாடே கிடையாது.

கட்சியில் இருந்து நீக்கப்பட்ட செய்தி வந்தால் இன்னும் பொறுமை வேண்டும். அரசியலமைப்பின் 99(13) உறுப்புரைப்படி, நீக்கிய நாளில் இருந்து ஒரு மாதம் கழிந்தால்தான் ஆசனம் காலி. அந்த மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், தீர்ப்பு வரும்வரை எம்.பி.யாகவே இருப்பார். (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் உச்ச நீதிமன்றம்; சென்னை உயர் நீதிமன்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மனு கொடுத்து இரண்டு மாதத்துக்குள் முடிவு என்று உறுப்புரை சொன்னாலும், நடைமுறையில் வருடக்கணக்கில் இழுபடும். முஸ்லிம் காங்கிரஸின் நஸீர் அஹமட் 2022 ஏப்ரலில் அரசாங்கத்தில் அமைச்சரானார். அவரை நீக்கியது செல்லும் என்ற தீர்ப்பு 2023 ஒக்டோபரில்தான் வந்தது. அதன் பிறகே மட்டக்களப்பு ஆசனம் அலி ஸாஹிர் மௌலானாவுக்குப் போனது.

நாடாளுமன்றம் கலைந்திருக்கும்போது வெற்றிடமே ஏற்படாது. 2020 மே 26இல் அமைச்சர் ஆறுமுகன் தொண்டமான் காலமானபோது சபை கலைந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நிரப்ப ஆசனம் இருக்கவில்லை. நுவரெலியா வேட்பாளர் பட்டியலில் அவருடைய இடத்துக்கு மகன் ஜீவன் வந்தது, வாக்களிப்புக்கு முன் இறந்த வேட்பாளருக்கு மாற்றுப் பெயர் கொடுக்கும் வேறொரு ஏற்பாட்டின் கீழ். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மாவட்ட ஆசனம்: விருப்பு வாக்குத் தாளை வாசித்தல்

தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் அந்தத் தேர்தலின் விருப்பு வாக்கு முடிவை, மாவட்ட வாரியாக, இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு கட்சி ஒரு மாவட்டத்தில் அங்கே உள்ள ஆசனங்களோடு மூன்றைக் கூட்டி வேட்பாளர்களை நிறுத்தும். 2024இல் யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம், ஆகவே பட்டியலுக்கு ஒன்பது பெயர். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு அதே பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம்.

உதாரணத்துக்கு, கற்பனையாக ஒரு கட்சிக்கு மூன்று ஆசனம் கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். பட்டியலில் விருப்பு வாக்குகள் 31,000, 24,500, 19,200, 18,900, 12,400 என்று இறங்குகின்றன. முதல் மூவர் எம்.பி.க்கள். 24,500 எடுத்தவர் காலமானால் 18,900 எடுத்தவர் வருவார். பிறகு அவரும் விலகினால் 12,400. ஒருமுறை விலகிப் போனவர் இந்த வரிசைக்குத் திரும்ப வரமாட்டார்.

பிழை விடும் இடங்கள் மூன்று. வேட்பாளர் இலக்கத்தைத் தரவரிசை என்று நினைப்பது முதலாவது. இலக்கம் 1 என்பதற்கு ஒரு முன்னுரிமையும் இல்லை. அடுத்தது, வேறு கட்சியில் கூடுதல் வாக்கு எடுத்துத் தோற்றவரை இழுத்து வருவது. 40,000 எடுத்துத் தோற்றிருந்தாலும் அவருடைய பட்டியல் வேறு என்றால் அவருக்கு இதில் வேலை இல்லை. மூன்றாவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடப்பது: கூட்டணிகள். 2020இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கேட்டது. சட்டத்தின் கண்ணில் அது ஒரே பட்டியல். பங்காளிக் கட்சி ஒன்றின் எம்.பி.யின் இடம் காலியானால், அதே பங்காளிக் கட்சிக்காரர்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வீட்டுப் பட்டியலில் அடுத்து நிற்பவர் எவரோ அவர்தான்.

திருகோணமலையில் 2024 ஜூன் 30இல் இரா. சம்பந்தன் காலமானார். அதே பட்டியலில் அடுத்து நின்ற சண்முகம் குகதாசன் ஜூலை 9இல் சத்தியப்பிரமாணம் செய்தார். சிக்கல் இல்லாத வெற்றிடம் இப்படித்தான் வேகமாக நிரம்பும். 2006 நவம்பரில் நடராஜா ரவிராஜ் கொல்லப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் என். சிறீகாந்தா வந்ததும், 2021இல் ரஞ்சன் ராமநாயக்க சிறைத் தண்டனையால் ஆசனத்தை இழந்தபோது கம்பஹாவில் அஜித் மான்னப்பெரும வந்ததும் இதே வழியில்.

அடுத்து நிற்பவர் உயிரோடு இருக்கிறாரா, தகுதியோடு இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். இரட்டைக் குடியுரிமை, தண்டனை, அரச உத்தியோகம் ஆகியவை பெயரைத் தட்டிவிடும். இடையில் கட்சி தாவியவர் என்றால் "இவர்தான்" என்று உறுதியாக எழுதாதீர்கள். வழக்கு வர இடம் உண்டு.

தேசியப் பட்டியல் ஆசனம்: கணிதம் முடிந்து அரசியல் தொடங்குகிறது

இங்கே விருப்பு வாக்குத் தாளை மூடி வைத்துவிடலாம். ஆணைக்குழு கட்சிச் செயலாளரிடம் பெயர் கேட்கும், அவர் கொடுப்பார். தலைவரை விடச் செயலாளரின் கையெழுத்துக்குத்தான் இங்கே வலு. கட்சிக்குள் செயலாளர் யார் என்றே தகராறு இருந்தால் ஆசனம் தொங்கும். 2020 ஓகஸ்ட் தேர்தலில் ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம் பெற்ற அபே ஜனபல கட்சியில் அத்துரலியே ரத்தன தேரர் 2021 ஜனவரியில்தான் பதவியேற்றார். ஐக்கிய தேசியக் கட்சியோ உள் இழுபறியில் தன் ஒற்றை ஆசனத்தை 2021 ஜூன் வரை சும்மா வைத்திருந்து, கடைசியில் ரணில் விக்கிரமசிங்கவை அனுப்பியது. அந்த ஆசனத்தில் இருந்துதான் அவர் 2022இல் பிரதமராகவும் பிறகு ஜனாதிபதியாகவும் ஆனார்.

தேர்தல் முடிந்தவுடன் நியமிப்பதற்கு 99அ உறுப்புரை ஓர் எல்லை வைக்கிறது: முன்பே கொடுத்த தேசியப் பட்டியலில் அல்லது ஏதோவொரு மாவட்ட வேட்புமனுவில் பெயர் இருக்க வேண்டும். இடையில் காலியாகும்போது 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 64ஆம் பிரிவு, கட்சி உறுப்பினர் ஒருவரைப் பெயரிடலாம் என்கிறது. இந்த இடைவெளிக்குள்தான் எல்லோரும் நுழைகிறார்கள். 2022 ஜூனில் பசில் ராஜபக்ஷ விலகிய இடத்துக்கு வந்த தொழிலதிபர் தம்மிக்க பெரேராவின் பெயர் 2020இன் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அவர் பதவியேற்பது தடைப்படவில்லை. ஆகவே பழைய 29 பெயரை வைத்துக்கொண்டு ஊகம் செய்வதில் பயனில்லை.

சுழற்சி முறை வாக்குறுதிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். "முதல் இரண்டு வருஷம் அம்பாறைக்கு, பிறகு வன்னிக்கு" என்று கட்சி சொன்னாலும், இருப்பவர் கையெழுத்துப் போட்டு விலகினால்தான் அடுத்தவர் வரலாம்.

இரண்டு வகையையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமா? முஜிபுர் ரஹ்மான் 2023 ஜனவரியில், கொழும்பு மாநகர முதல்வர் பதவிக்குக் கேட்பதற்காக, கொழும்பு மாவட்ட ஆசனத்தைத் துறந்தார். விருப்பு வாக்கில் அடுத்து நின்ற ஏ.எச்.எம். பௌஸி உள்ளே போனார். உள்ளூராட்சித் தேர்தலோ தள்ளிப்போனது. 2024 மேயில் டயானா கமகே எம்.பி.யாக இருக்கத் தகுதியில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துத் தேசியப் பட்டியல் ஆசனம் ஒன்று காலியானதும், ஐக்கிய மக்கள் சக்தி முஜிபுரைப் பெயரிட்டது. மாவட்ட வரிசையில் திரும்ப முடியாதவர், செயலாளரின் கடிதத்தில் திரும்பினார்.

கடைசிச் சரிபார்ப்பு

செயலாளர் நாயகம் வெற்றிடத்தை ஆணைக்குழுவுக்கு அறிவிப்பார். மாவட்ட ஆசனம் என்றால் ஆணைக்குழு அந்த மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலருக்கு (தேர்தல் நடத்தும் அதிகாரி) பணிக்கும். அவர் ஒரு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். பெயர் அதிவிசேட வர்த்தமானியில் (அரசிதழில்) வரும். பெயரின் எழுத்துக்கூட்டலையும் மாவட்டத்தையும் அதில் பார்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு வேட்பாளர்கள் இருப்பது அபூர்வமல்ல. வர்த்தமானி வந்த பிறகும் சபாநாயகர் முன் சத்தியப்பிரமாணம் செய்யும்வரை புதியவர் ஆசனத்தில் அமரவோ வாக்களிக்கவோ முடியாது. நெருக்கமான வாக்கெடுப்பு வரும் வாரத்தில் தலைகளை எண்ணும்போது அவரைச் சேர்த்துவிடாதீர்கள்.