6 இலக்க எண்ணைக் கெடுத்த 5 நிமிடம்: என் அனுபவம்

போன வாரம் என் ஏஐ சாட்பாட் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. மகளின் அறிவியல் கண்காட்சிக்காக மூன்று நாளாகச் சேர்த்த குறிப்புகள் எல்லாம் உள்ளே இருந்தன. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த சரிபார்ப்புக்காக, போனில் உள்ள ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டிய 6 இலக்க எண்ணைப் போட்டால் மட்டும் 'தவறான குறியீடு' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது.

முதலில் பிரவுசரைத்தான் சந்தேகப்பட்டேன். குக்கீகளை அழித்தேன், இன்காக்னிட்டோவில் திறந்தேன், விபிஎன்னை நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து முறை ஆனதும், சிறிது நேரம் கழித்து முயலச் சொல்லிவிட்டது. அப்படி வந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். விடாமல் தட்டினால் பூட்டு நீளலாம்.

சரி என்று காத்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. லேப்டாப்பில் மணி 9.20, போனில் 9.25! காலை பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று போன் நேரத்தை நானே முன்னால் தள்ளி வைத்திருந்தேன்.

அந்த 6 இலக்க எண் இணையத்திலிருந்து வருவதில்லை. செயலியைக் கணக்கோடு முதன்முதலில் இணைக்க க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தபோது போனில் பதிந்த ரகசியச் சாவியையும் போனின் நேரத்தையும் சேர்த்து, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு முறை செயலியே கணக்கிடுகிறது. சாட்பாட்டின் சர்வரும் தன் நேரத்தை வைத்து அதே கணக்கைப் போடுகிறது. சில விநாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், 5 நிமிடத்தை ஏற்காது.

செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானியங்கி நேரத்தை ஆன் செய்தேன். அடுத்த எண்ணிலேயே உள்ளே போய்விட்டேன். அப்புறம் முதல் வேலையாக, செயலி கைகொடுக்காதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்தேன்.