பழைய தார் வாங்குகிறீர்களா? டீசல் இன்ஜினைத் தேர்வு செய்வது எப்படி

மஹிந்திராவின் ஜீப்பான தார் என்ற ஒரே பெயரில் 63 குதிரைத்திறன் வண்டியும் விற்பனைக்கு வருகிறது, 130 குதிரைத்திறன் வண்டியும் வருகிறது. வெளியிலிருந்து பார்க்கும் புதியவருக்கு எல்லாமே ஒரே ஜீப்தான். டயர், சீட், கூரை எல்லாவற்றையும் வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்ஜின் அப்படியில்லை. அதனால் விலை பேசுவதற்கு முன்னால் எந்த இன்ஜின் என்பதை முடிவு செய்துவிடுங்கள்.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

காடு, மேடு, சேறு, ஆற்று மணல் என்றால் உங்களுக்குத் தேவை வேகம் இல்லை, குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை. விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள். டார்க் (இன்ஜினின் திருகு விசை, அதாவது இழுவை) எத்தனை நியூட்டன் மீட்டர், அது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) கிடைக்கிறது என்று பாருங்கள். வாரம் முழுக்க நெடுஞ்சாலையிலும் ஓட்ட வேண்டும் என்றால் கணக்கு மாறும்.

படி 2: இன்ஜின்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

2010-இல் வந்த முதல் தாரில் இரண்டு வகை. ஒன்று டிஐ: 2.5 லிட்டர், 63 குதிரைத்திறன். டார்க் சுமார் 180 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் 1500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். பழைய பாணி மெக்கானிக்கல் பம்ப் உள்ளதை எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் பிரித்து வேலை பார்ப்பார். நெடுஞ்சாலையில் மட்டும் திணறும், சத்தமும் அதிகம். ஒரு எச்சரிக்கை: மாசுக் கட்டுப்பாடு கடுமையானபோது மஹிந்திராவின் இந்த வகை 2.5 லிட்டர் இன்ஜின் காமன் ரெயிலுக்கும் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் முறை) மாறியது. அதனால் 'டிஐ' என்ற பெயரை மட்டும் நம்பாமல் பானெட்டைத் திறந்து, எந்த பம்ப் என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று சிஆர்டிஇ: 2.5 லிட்டர், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். காமன் ரெயில், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் எல்லாம் உண்டு. 2015-இல் செய்த மாற்றத்தில் பின் அச்சுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் சேர்ந்தது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது தரையில் இருக்கும் மற்ற பின்சக்கரத்துக்கும் இழுவை போகும், அப்போது இதன் அருமை புரியும். குறைந்த பட்ஜெட்டில் ஆஃப்-ரோடு பழக நினைக்கும் ஒருவருக்கு நான் சொல்வது இந்த 2015-க்குப் பிந்தைய சிஆர்டிஇதான்.

2020 அக்டோபரில் வந்த புதிய தாரில் 2.2 லிட்டர் எம்ஹாக்: 130 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர். ஊருக்கும் காட்டுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்றால் இதுதான். பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதி) வண்டி என்பதால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. தினமும் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் கரி எரிந்து சுத்தமாகும்.

2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் வந்தது. டார்க் அதே 300, விலையும் குறைவு. ஆனால் இது பின்சக்கர ஓட்டம் மட்டும். ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1500 சிசிக்குள் டீசலும் இருந்தால் வரி குறைவு, அதற்காக வந்த வண்டி இது. 'டீசல் தார், குறைந்த விலை' என்று யாராவது சொன்னால் முதலில் லோ ரேஞ்ச் லீவர் (ஃபோர் வீல் டிரைவைப் போடும் தனி லீவர்) இருக்கிறதா என்று உள்ளே பாருங்கள்.

படி 3: குளிர்ந்த இன்ஜினைப் பாருங்கள்

இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. நல்ல மாடலின் தேய்ந்த இன்ஜினைவிட, சுமாரான மாடலின் நல்ல இன்ஜின் மேல்.

'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக்கை இழுங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது சாதாரணம். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அளவு மேல்கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால், ஆயிலில் டீசல் கலக்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சேறு காய்ந்த தடம் இருந்தால் வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கிறது. தண்ணீரை உறிஞ்சிய இன்ஜினில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்க வாய்ப்பு உண்டு.

இப்போது ஸ்டார்ட் செய்து ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். முதலில் கொஞ்சம் வெண்புகை வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. நிற்காத நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. கரும்புகைக்கு அடைத்த ஏர் ஃபில்டர், டீசலைப் பீச்சும் நாசில், டர்போ என்று பல காரணங்கள் உண்டு.

அப்புறம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்வதைப் பாருங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதன் மேலேயே கவிழ்த்து வையுங்கள். லேசான ஆவி வரலாம். மூடி துள்ளினாலோ, புகை குப்குப்பென்று வந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

பிஎஸ்6 வண்டியில் சைலன்சர் வாயின் உட்புறத்தை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே விரலால் தடவிப் பாருங்கள். கரி அப்பினால் டிபிஎஃப் உடைந்திருக்கலாம், கழற்றப்பட்டும் இருக்கலாம்.

படி 4: மேட்டில் ஓட்டுங்கள்

சமதளத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மேட்டில் இரண்டாம் கியரில் 1500 ஆர்பிஎம் அளவில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். உதறாமல் இழுக்க வேண்டும். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போயிருக்கிறது. சேறு அல்லது மணல் கிடைத்தால் ஃபோர் வீல் ஹை, லோ இரண்டையும் போட்டுப் பாருங்கள். வெப்பமானி முள் நடுவைத் தாண்டி ஏறக் கூடாது.

காமன் ரெயில் வண்டி என்றால், பணம் கொடுத்தாவது இசியுவில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சும் பாகம்) ரிட்டர்ன் லீக் சோதனையும் செய்துவிடுங்கள். இன்ஜெக்டர் செலவு உங்கள் பேரத்தையே தலைகீழாக்கிவிடும்.

படி 5: ஆர்.சி.

இன்ஜினில் பொறித்த எண்ணும் ஆர்.சி. எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் வேறு இன்ஜின் மாற்றி வைப்பது சகஜம், அது ஆர்.சி.யில் பதிவாகாமல் இருந்தால் வாங்காதீர்கள். வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.