நான்கு படங்களில் ஒரு குறுங்கோளைப் பிடிப்பது எப்படி

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் குறுங்கோள்கள், சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில்தான் நன்றாகத் தெரியும். அப்போது அவை விண்மீன்களுக்கிடையே மேற்காக, மணிக்கு 30 முதல் 40 கோணவிநாடி வரை நகரும் (ஒரு கோணவிநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). அந்த நகர்வைத்தான் தேடப்போகிறோம்.

தொலைநோக்கியில் பொருத்திய கேமராவால் ஒரே வான்பகுதியை 20 நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு படம் எடுங்கள். ஒவ்வொன்றும் 60 முதல் 120 விநாடி. ரொம்ப நீட்டினால் புள்ளி கோடாக இழுபட்டு மையம் தப்பிவிடும். மூன்று படம் போதாது: ஒன்றில் அது விண்மீன் மேல் ஏறி மறைந்தால் மிஞ்சுவது இரண்டு. எந்த இரண்டு புள்ளியும் நேர்கோட்டில்தான் இருக்கும்!

படங்களை அஸ்ட்ரோமெட்ரிகா என்ற அளவீட்டு மென்பொருளில் ஏற்றி, கையா விண்மீன் பட்டியலோடு பொருத்தி, மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். சம இடைவெளியில், ஒரே பிரகாசத்தோடு தத்தித் தத்திப் போகும் புள்ளிதான் வேண்டும். ஒரு படத்தில் மட்டும் ஊசிமுனைபோல் தெரிந்தால் அது கேமராவில் மோதிய காஸ்மிக் கதிர். ஹாட் பிக்சல் (கேமராவில் எப்போதும் ஒளிரும் பழுதான புள்ளி) இன்னும் மோசம். தொலைநோக்கி மெல்ல விலகியிருந்தால், விண்மீன்களை ஒன்றாகப் பொருத்திய படங்களில் அதுவும் சீராக நகர்வதுபோலவே தெரியும். மூலப் படங்களைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் அதே பிக்சல் என்றால் விட்டுவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில். எழுத வேண்டியது படத்தின் நடுநேரம், அதுவும் உலகப் பொதுநேரத்தில் (இந்திய நேரத்தில் 5.30 மணியைக் கழிக்க வேண்டும்). 120 விநாடிப் படத்துக்குத் தொடக்க நேரத்தைப் போட்டால் 60 விநாடி பிழை. அதற்குள் குறுங்கோள் அரைக் கோணவிநாடிக்கு மேல் போயிருக்கும். இடத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் பயனில்லை. வேலை தொடங்குமுன் கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு சரிபாருங்கள்.

குறுங்கோள் பதிவுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரின் பட்டியலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும். இல்லையென்றால் அடுத்த இரவும் பிடியுங்கள்; தற்காலிகப் பெயருக்கு இரண்டு இரவு வேண்டும். காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டதற்குத் தற்காலிகப் பெயர் 1988 டிக்யூ1. 'டி' பிப்ரவரியின் பிற்பாதி. 'க்யூ1' அந்த அரைமாதத்தின் 41ஆவது கண்டுபிடிப்பு. பாதை உறுதியான பிறகே அது 4130 ராமானுஜன் ஆனது.

ஒரே இரவின் துண்டுக்குப் பல பாதைகள் பொருந்தும், தூரம் பிடிபடாது. சில வார அளவீடுகளைப் பாதை கணிக்கும் மென்பொருளான ஃபைண்ட்ஆர்ப்பில் கொடுங்கள். ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு: 1861இல் வானியலாளர் போக்சன் சென்னையிலிருந்து கண்டுபிடித்த குறுங்கோள் 67 ஆசியாவுக்கு அரைப்பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி) 2.42 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்), மையப்பிறழ்வு (பாதை வட்டத்திலிருந்து விலகும் அளவு) 0.19, சுற்றுக்காலம் 3.77 ஆண்டு. உங்கள் அரைப்பேரச்சு 2.1–3.3க்கு வெளியே போனால், புதுமை என்று கொண்டாடுமுன் நேரப் பதிவுகளைப் பாருங்கள். கணித்த பாதையிலிருந்து ஒரு கோணவிநாடிக்கு மேல் விலகும் அளவீட்டை நீக்கி மறுபடி கணக்கிடுங்கள். அடுத்த எதிர்நிலை (மறுபடி சூரியனுக்கு நேர் எதிரே வருவது) ஏறக்குறைய 15, 16 மாதம் கழித்து. அப்போது கணித்த இடத்தில் தேடுங்கள்.