உயிருள்ளது, உயிரில்லாதது: குட்டீஸ்க்கு சொல்லித்தரப்போ நாம பண்ற தப்பு

"அசையுறதுக்கு உயிர் இருக்கு, அசையாததுக்கு இல்ல." யூகேஜி பசங்களுக்கு நாம முதல்ல சொல்லித்தர ரூல் இதுதான், மொத்தக் குழப்பத்துக்கும் காரணம் இதேதான். ஃபேன் சுத்துது, மேகம் நகருது, பஸ் ஓடுது, அப்போ அதுக்கெல்லாம் உயிர் இருக்கான்னு கேட்டா முழிக்கணும், வாசல்ல நிக்கிற வேப்பமரம் உயிரில்லாத லிஸ்ட்ல போயிடும். குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்ச உளவியல் அறிஞர் பியாஜே 1920கள்லயே எழுதிட்டாரு, சின்னப் பசங்க சூரியன், காத்துக்கெல்லாம் உயிர் இருக்குன்னு நினைப்பாங்கன்னு, ஏற்கனவே இருக்கற குழப்பத்த நாம ரூலாக்கி இன்னும் கெட்டிப்படுத்துறோம்.

சரி, வளர்றத காட்டலாம்னு பயறு ஊறப்போடுவோம். நல்ல ஐடியாதான், ஆனா ராத்திரி ஊறி காலைல பெருசானதும் "பாரு வளந்துடுச்சு"ன்னு சொல்லிடாதீங்க, அது வெறும் தண்ணி குடிச்சு உப்பினது, உடைச்ச பாசிப்பருப்பும் அப்படித்தான் உப்பும். முழுப் பச்சைப்பயறு ஒரு ஈரத்துணில, உடைச்ச பருப்பு இன்னொன்னுல, ஒரு கூழாங்கல் மூணாவதுல வைங்க. ரெண்டு மூணு நாள்ல முழுப்பயறு மட்டும் வெள்ளையா வால் விடும், பருப்பு கொழகொழன்னு நாத்தம் அடிக்கும், கல்லு கல்லாவே இருக்கும். உப்புறதுக்கும் முளைக்கிறதுக்கும் வித்தியாசம் அங்கதான் புரியும்.

ஒரே ஒரு அடையாளத்த மட்டும் பிடிச்சுக்கறதும் வேலைக்கு ஆகாது. நெருப்பும் விறகைத் தின்னு பெருசாகுது, அதுக்கும் காத்து வேணும். சாப்பாடு, மூச்சு, வளர்ச்சி, தன்ன மாதிரி இன்னொன்ன உண்டாக்குறது எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கணும்.

அப்புறம் அந்த ரெண்டு கட்டம் போட்ட ஒர்க்‌ஷீட். செத்த பல்லி எந்தப் பக்கம், மர நாற்காலி எந்தப் பக்கம்? மூணாவதா "முன்னாடி உயிர் இருந்துச்சு"ன்னு ஒரு கட்டம் போட்டா பாதி சண்டை முடிஞ்சுது, காய்ஞ்ச இலை, பருத்திச் சட்டை எல்லாம் அங்க போயிடும்.

புள்ள தடுக்கி விழுந்தா தரைய ரெண்டு அடி அடிச்சு சமாதானம் பண்றோமே, அத நிறுத்தவேண்டாம், அழுகை நிக்கணும்ல, பின்னாடி ஒருநாள் "தரைக்கு வலிச்சிருக்குமா?"ன்னு கேட்டுப்பாருங்க, செம பதில் வரும்.

முக்கியமா, விடை சரியா இருந்தாலும் ஏன்னு கேக்காம டிக் போடாதீங்க. மரத்துக்கு உயிர் இருக்குன்னு கரெக்டா சொல்லிட்டு, ஏன்டான்னு கேட்டா "காத்துல ஆடுதுல்ல"ன்னு சொல்ற பசங்கதான் நிறைய.