ஆராய்ச்சி தெளிவாகச் சொல்லாதபோது கிட்னி டாக்டர் எப்படி முடிவெடுக்கிறார், நீங்கள் என்ன கேட்கலாம்

டயாலிசிஸை எப்போது ஆரம்பிப்பது, ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் டாக்டர் "பார்க்கலாம்" என்று இழுக்கிறாரா? அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தமில்லை, பல சமயம் ஆராய்ச்சியே இழுக்கிறது.

முதலில், ஆதாரம் எவ்வளவு பலமானது என்று கேளுங்கள். கேடிகோ என்ற சர்வதேச கிட்னி அமைப்பின் சிகிச்சை வழிகாட்டிகளில் பெரும்பாலான பரிந்துரைகளுக்குப் பக்கத்தில் 1ஏ, 2சி மாதிரி ஒரு குறி இருக்கும். 1 என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், 2 என்றால் ஆளைப் பொறுத்தது, ஏ-யிலிருந்து டி-க்குப் போகப் போக ஆதாரம் மெலிகிறது. 2டி என்றால் உங்கள் விருப்பத்துக்கு நிறையவே இடம் உண்டு, தயங்காமல் பேசுங்கள்.

ஆய்வில் நல்ல முடிவு வந்திருந்தாலும் அதில் சேர்ந்தவர்கள் உங்களைப் போன்றவர்களா என்று டாக்டர் பார்ப்பார். கிட்னி ரொம்பக் கெட்டுப்போனவர்களைப் பல ஆய்வுகள் சேர்ப்பதே இல்லை.

டயாலிசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் வெளியான ஐடியல் என்ற ஆய்வில் 828 பேரில் ஒரு பாதிக்கு இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு, குறையக் குறைய மோசம்) 10-14 இருக்கும்போதே ஆரம்பிப்பது, மறு பாதிக்கு 5-7 வரை காத்திருப்பது என்று திட்டம். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் காத்திருக்கச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர், பெரும்பாலும் தொந்தரவு தாங்காமல், முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் டாக்டர் ரிப்போர்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, சாப்பாடு இறங்குகிறதா, குமட்டுகிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று குடைகிறார். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சமாளிக்காதீர்கள், முடிவே அந்தப் பதிலில்தான் நிற்கிறது.

ஸ்டீராய்டு விஷயம் வேறு. ஐ.ஜி.ஏ. நெப்ரோபதிக்கு (ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் கிட்னியில் படிந்து வரும் நோய்) முழு டோஸ் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த டெஸ்டிங் என்ற ஆய்வில் கடுமையான தொற்றுகள் வந்ததால் பாதியில் நிறுத்தி, டோஸைக் குறைத்துத்தான் தொடர்ந்தார்கள். இப்படிப்பட்ட மருந்தை டாக்டர் ஒரு சோதனை மாதிரி ஆரம்பிப்பார்: எத்தனை மாதம், சிறுநீரில் புரதம் எவ்வளவு குறைய வேண்டும், காய்ச்சலோ சர்க்கரையோ ஏறினால் என்ன செய்வது. இதையெல்லாம் முதல் மாத்திரைக்கு முன்பே கேட்டு, நிறுத்துவதா தொடர்வதா என்று பார்க்கும் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும், ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.