அயர்லாந்து நீராவி எஞ்சின் மாடல்: பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

அயர்லாந்தின் நீராவி எஞ்சின்களை மாடலாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கைவேலையில் அல்ல, காலக்கணக்கில். எஞ்சினின் நிறம், ஓரக்கோடு, எழுத்து, சின்னம் எல்லாம் சேர்ந்ததை லிவரி என்பார்கள். அந்த லிவரிக்கு ஒரு தொடக்க வருடமும் முடிவு வருடமும் உண்டு. அதைப் பார்க்காமல், பிடித்த நிறத்தில் பிடித்த சின்னத்தை ஒட்டிவிட்டால், அப்படியொரு எஞ்சின் எந்த நாளிலும் ஓடியிருக்காது.

எனவே முதலில் ஒரு வருடத்தையும் ஒரு தடத்தையும் முடிவு செய்யுங்கள். தெற்கில் 1925-இல் பல கம்பெனிகள் இணைந்து கிரேட் சதர்ன் ரயில்வேஸ் ஆயின. 1945-இல் அது சிஐஇ என்ற போக்குவரத்து நிறுவனம் ஆனது. வடக்கு, தெற்கு அயர்லாந்து எல்லையின் இருபுறமும் ஓடிய கிரேட் நார்தர்ன் 1953 வரை தனிக் கம்பெனி. பிறகு இரு அரசுகளின் கூட்டு வாரியம். 1958-இல் அதன் எஞ்சின்களை சிஐஇயும் வடக்கின் அல்ஸ்டர் போக்குவரத்து ஆணையமும் பங்கு போட்டுக்கொண்டன. சிஐஇ பக்கம் வந்தவற்றின் எண்ணுக்குப் பின்னால் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்து சேர்ந்தது. அந்த ஓர் எழுத்தைப் போட்டால் உங்கள் லேஅவுட்டின், அதாவது மாடல் ரயில் ஓடும் தளத்தின், காலம் 1958-க்குப் பிந்தியது என்று உறுதியாகிவிடும். பக்கத்தில் நிற்கும் மற்ற எல்லாமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சாம்பல் நிறத்தில். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் எஞ்சின் மங்கலாகத் தெரிந்தால், ‘கறுப்பு எஞ்சின், மேலே தூசி’ என்று நினைத்துக் கறுப்பு அடித்துவிடுகிறார்கள். கிரேட் சதர்னின் பொது நிறமே அடர் சாம்பல்தான். அதுவும் கொதிகலனில் மட்டும் இல்லை. சக்கரம், சட்டகம், முன்பக்கப் புகைப்பெட்டி, புகைபோக்கி எல்லாம் அதே நிறம். பிரிட்டிஷ் மாடல் பழக்கத்தில் புகைப்பெட்டியை மட்டும் கறுப்பாக விட்டால் அடையாளமே மாறிவிடும். சிஐஇ வந்த பிறகும் நிறைய எஞ்சின்கள் இந்தச் சாம்பலிலேயே ஓடின. சிஐஇ என்றதும் எல்லாவற்றுக்கும் பச்சை அடிப்பது அடுத்த தவறு. பச்சை கிடைத்தது முக்கியப் பயணிகள் எஞ்சின்கள் சிலவற்றுக்குத்தான்.

சாம்பல் என்றால் அலுப்பு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மாடல்காரனின் கைத்திறன் தெரிவது அங்கேதான். ஒரே நிறத்தில் ரிவெட், குழாய், கைப்பிடி எல்லாம் மறைந்துபோகும். புகைப்பெட்டிக்கு வெப்பத்தில் வெளுத்த சாயல், சக்கரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, நிலக்கரி வண்டியின் மேல்விளிம்பில் கரித்தூள் என்று மூன்று விதமாக அழுக்கேற்றினால், அதே சாம்பலில் எஞ்சின் உயிர்பெறும்.

விதிவிலக்கு 800 வகுப்பு. 1939-40இல் டப்ளினின் இஞ்சிக்கோர் பட்டறையில் கட்டிய மூன்று பெரிய எஞ்சின்கள்: மேவ், மாக்கா, தால்ச்சா. கிரேட் சதர்ன் காலத்திலேயே பச்சை உடுத்தியவை. பெயர்ப்பலகை பழைய ஐரிஷ் எழுத்தில் இருக்கும்; மேவ் பலகையில் எழுத்தின் தலையில் புள்ளிகூட உண்டு. சாதாரண ரோமன் எழுத்தில் அச்சிட்ட பலகையை ஒட்டிவிட்டு மீதியை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் பயனில்லை. இன்னொன்று, இவை எடை மிகுந்தவை. டப்ளின்–கார்க் முதன்மைப் பாதைக்கென்றே கட்டியவை. கிராமத்துக் கிளைப்பாதையின் சின்ன ஸ்டேஷனில் மேவை நிறுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நடக்காத காரியம்.

கிரேட் நார்தர்னின் வான்நீலம்தான் எல்லோரையும் இழுக்கும் நிறம். ஒப்புக்கொள்கிறேன், அயர்லாந்தில் அதைவிட அழகான எஞ்சின் நிறம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நீலம் வந்ததே 1932-இல், ‘வி’ வகுப்பின் ஐந்து எஞ்சின்களோடு: ஈகிள், ஃபால்கன், மெர்லின், பெரிக்ரின், கெஸ்ட்ரல். அந்தக் கம்பெனியின் எல்லா எஞ்சினும் நீலம் என்று நினைத்துவிடாதீர்கள். பயணிகள் வண்டி இழுத்த சில வகைகள்தான் நீலம்; சரக்கு எஞ்சின்கள் கறுப்பு. நீலத்தோடு கீழ்ச்சட்டகத்தின் சிவப்பும் சேர்ந்தால்தான் லிவரி முழுமை. ஓரக்கோடு கறுப்பும் வெள்ளையும். ஓஓ என்ற மாடல் அளவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. கணக்கு, அசலில் அரை அங்குலக் கோடு மாடலில் 0.17 மி.மீ.தான் வரும். தூரிகையால் அதை இழுக்க நினைத்து நீலத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், ஒட்டும் டிரான்ஸ்ஃபர் கோடுகளை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். பின்னால் கோக்கும் பெட்டிகளுக்கும் நீலம் அடிக்கிறார்கள் சிலர். மெர்லின் இழுத்தவை தேக்குப் பழுப்புப் பெட்டிகள்.

நிறத்துக்கு ஆதாரம் என்று இன்று ஓடும் பாதுகாக்கப்பட்ட எஞ்சின்களின் படத்தை மட்டும் வைத்துக்கொள்வதும் ஆபத்து. வடக்கு அயர்லாந்தின் வைட்ஹெட்டைத் தளமாகக் கொண்ட ஐரிஷ் ரயில்வே பாதுகாப்புச் சங்கத்திடம் 184, 186 என்று இரண்டு ஜே15 எஞ்சின்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வகுப்பு, ஆனால் கொதிகலன் வேறு: 184-க்கு ஃபயர்பாக்ஸ் என்ற தீ எரியும் அறையின் மேல்பாகம் உருண்டை, 186-க்குச் சதுரத் தோளோடு கூடிய பெல்பேர் வடிவம். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றொன்றின் எண்ணைப் போட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். 1866 முதல் 1903 வரை 111 எஞ்சின்கள் கட்டிய வகுப்பு இது. வாழ்நாளில் கொதிகலனும் புகைப்பெட்டிக் கதவும் மாறிக்கொண்டே இருந்தன. நீங்கள் செய்யப்போகும் எண்ணின், நீங்கள் எடுத்த வருடத்தின் படம்தான் வேண்டும்.

ஜே15 என்ற பெயரே ஒரு கண்ணி. இங்கிலாந்தின் கிரேட் ஈஸ்டர்ன் எஞ்சின் ஒன்றுக்கும் அதே பெயர்; மாடல் கம்பெனியான ஹார்ன்பி செய்வது அதைத்தான். பெட்டியில் ஜே15 என்று பார்த்து ஆசையாக வாங்கிச் சாம்பல் அடித்தால் அது அயர்லாந்து எஞ்சின் ஆகிவிடாது.

பிரிட்டிஷ் மாடலுக்கு நிறம் மாற்றுவது எப்போதுமே தவறா என்றால், இல்லை. உல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் தயாரான பிரிட்டிஷ் ‘என்’ வகுப்பின் பாகங்களை அயர்லாந்தின் மிட்லேண்ட் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி விலைக்கு வாங்கி, அங்கே கோக்கத் தொடங்கியது. கிரேட் சதர்ன் அதைத் தொடர்ந்தது. எனவே பாக்மன் என்ற மாடல் கம்பெனியின் ‘என்’ வகுப்பில் இருந்து தொடங்குவது நியாயமான வழி. வடக்கில் ‘ஜீப்’ என்று செல்லப்பெயர் பெற்ற டபிள்யூடி வகுப்பு, இங்கிலாந்தின் லண்டன் மிட்லேண்ட் கம்பெனியின் டாங்க் எஞ்சின் (தண்ணீரையும் நிலக்கரியையும் தானே சுமப்பது) குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் சக்கரம் 6 அடி. இங்கிலாந்தில் ஓடிய அதன் உறவு எஞ்சின்களுக்கு 5 அடி 9 அங்குலம். கறுப்பு பெயின்டும் புது எண்ணும் மட்டும் போதாது.

கடைசியாகத் தண்டவாளம். இதைக் கடைசியில் யோசிப்பதே தவறுதான். அயர்லாந்துத் தண்டவாளத்தின் அகலம் 1600 மி.மீ. ஓஓ அளவில் அது 21 மி.மீ. ஆகும், கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. இந்திய அகலப்பாதை ரயில்களை ஹெச்ஓ என்ற மாடல் அளவின் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த உறுத்தல் பழகியதாக இருக்கும். பக்கவாட்டில் தெரியாது, முன்னால் நின்று பார்த்தால் எஞ்சின் ஒடுங்கிய காலில் நிற்பதுபோல இருக்கும். 21 மி.மீ.க்குப் போவதென்றால் தண்டவாளம், தடம் பிரியும் பாயின்ட், அச்சு எல்லாம் கையால் செய்யவேண்டிவரும். எஞ்சின் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். இரண்டு வருடம் கழித்து மாற்றினால் ஒவ்வொரு பெட்டியின் சக்கரத்தையும் கழற்ற வேண்டும். பாதி ஓஓ, பாதி 21 என்று ஒரே லேஅவுட்டில் ஓட்டவும் முடியாது.