நீருக்கடியில் ஸ்ட்ரோப்: வாங்கும்போதும் பிடிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியிலோ ஆரணியிலோ குடியாத்தத்திலோ இருந்துகொண்டு நீருக்கடியில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடல் கிட்டத்தில் இல்லை. பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு டைவ் அடிக்கவே மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ வண்டி ஓட்ட வேண்டும். அந்தமான் வருடத்துக்கு ஒருமுறை வாய்த்தால் பெரிது. ஸ்ட்ரோப், அதாவது கேமராவோடு சேர்த்துத் தண்ணீருக்குள் மின்னவைக்கும் தனி ஃபிளாஷ், அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க உள்ளூரில் கடையும் கிடையாது. ஆன்லைனில் ஆர்டர் போட்டு, பெட்டியைப் பிரித்த கையோடு படகில் ஏறினால், செய்த பிசகு பத்து மீட்டர் ஆழத்தில்தான் தெரியும். அந்த டைவும் போச்சு, கட்டிய காசும் போச்சு.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எது நல்ல பவரா இருக்கும்?" என்றுதான். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. ஸ்ட்ரோபை நாம் கொண்டுபோவது நிறத்துக்காக. தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். ஐந்தாறு மீட்டர் இறங்கினாலே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். மிஞ்சுவது நீலமும் பச்சையும். 1926இல் ஃப்ளோரிடா பக்கம் ட்ரை டோர்டுகாஸ் தீவுகளில் லாங்லி என்ற உயிரியலாளரும் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் கடலடியின் முதல் வண்ணப்படங்களை எடுத்தபோதே, மேலே மிதவையில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தித்தான் வெளிச்சம் கொடுத்தார்கள்.

நம் ஸ்ட்ரோபின் ஒளியும் இந்த விதிக்குத் தப்பாது. மூன்று மீட்டர் தள்ளி நிற்கிற மீனுக்கு அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒளி மூன்று மீட்டர் போய், மூன்று மீட்டர் திரும்பி லென்ஸுக்கு வர வேண்டும். மொத்தம் ஆறு மீட்டர் தண்ணீர். சிவப்பு வழியிலேயே கரைந்துவிடும். எவ்வளவு பெரிய ஸ்ட்ரோபாக இருந்தாலும் கிடைப்பது நீல மீன்தான். ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் நடுத்தரமான ஸ்ட்ரோபே போதும். அதனால் பவருக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கைக் கிட்டத்தில் போய் எடுக்க உதவும் வைட் லென்ஸுக்கோ மேக்ரோ லென்ஸுக்கோ ஒதுக்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பரையும், அதாவது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்ணையும், அப்படியே நம்ப வேண்டாம். இனான் இசட்-330 என்ற ஸ்ட்ரோபுக்கு 33 என்று போட்டிருந்தால் அது காற்றில் அளந்த கணக்கு. தண்ணீருக்குள் அதில் பாதிகூடத் தேறாது. பெரும்பாலான கம்பெனிகளுக்கும் இதே கதைதான்.

இன்னொரு தவறு, கேமராவை மறந்துவிட்டு ஸ்ட்ரோப் வாங்குவது. கோப்ரோவுக்கு ஸ்ட்ரோப் வாங்காதீர்கள். அதில் ஃபிளாஷும் இல்லை, ஸ்ட்ரோபுக்குத் தகவல் சொல்ல வழியும் இல்லை. போனை ஹவுசிங்கில், அதாவது தண்ணீர் புகாத உறையில், போட்டு எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைமைதான். இவர்களுக்கு வீடியோ லைட்தான் சரி. ஃபிளாஷ் உள்ளேயே இருக்கும் காம்பாக்ட் கேமரா என்றால் ஒளியைக் கடத்தும் ஃபைபர் ஆப்டிக் கேபிள் ஒன்று போதும், கேமரா ஃபிளாஷ் மின்னினதும் ஸ்ட்ரோபும் மின்னும். லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ஃபிளாஷே கிடையாது. ஹவுசிங்குக்குள் ஸ்ட்ரோபை மின்னச் சொல்லும் எல்இடி டிரிகர் ஒன்று வைக்க வேண்டும், அது தனிச் செலவு. பட்ஜெட் போடும்போது இதையும், ஸ்ட்ரோபைத் தாங்கும் ஆர்ம், கிளாம்ப் விலையையும் சேர்த்துப் பாருங்கள். விட்டுவிட்டுக் கடைசியில் கை பிசைகிறவர்கள் நிறைய. புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு ஒரு ஸ்ட்ரோப் போதும் என்பது என் கட்சி. ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே போகிறது என்று ஒன்றை வைத்துத்தான் கண்ணுக்குப் பழகும். பழைய ஸ்ட்ரோப் வாங்கினால் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். தகடுகளில் பச்சை பூத்திருந்தால் உள்ளே ஒருமுறையாவது தண்ணீர் புகுந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்காமல் விடுவது நல்லது.

இனி, படத்தைக் கெடுப்பதில் முதல் இடம் பிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், அதைத்தான் பேக்ஸ்கேட்டர் என்கிறார்கள். பாண்டிச்சேரிக் கடல் எப்போதும் தெளிந்திருக்காது, மழைக்காலத்தை ஒட்டிப் போனால் கலங்கல் இன்னும் கூடும். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரில் தூசு மிதக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒளி பட்டால் ஒவ்வொரு தூசும் மின்னும். ஆகவே வேலை ஒன்றுதான்: மீன்மேல் ஒளி பட வேண்டும், நடுவில் இருக்கும் தண்ணீர்மேல் படக் கூடாது.

பலரும் ஸ்ட்ரோபை லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்து, மீனைக் குறிபார்த்து நேராகத் திருப்பிவிடுகிறார்கள். கண் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாம் நான்கில் ஒரு பங்கு கிட்டத்தில் தெரியும். ஒரு மீட்டரில் இருக்கிற மீன் 75 சென்டிமீட்டரில் இருப்பதுபோலப் படும். தெரிகிற இடத்தைக் குறிவைத்தால் ஒளி மீனுக்கு முன்னால் இருக்கிற தூசில்தான் விழும். ஸ்ட்ரோபை லென்ஸுக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி, ஹவுசிங் கைப்பிடியின் வரிசைக்குப் பின்னால் இழுத்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பல ஸ்ட்ரோபுகளின் ஒளி 100 டிகிரி அகலத்துக்கு விரியும். வெளியே திரும்பியிருந்தாலும் அதன் ஓரம் மீனைத் தொட்டுவிடும். அந்த ஓர வெளிச்சமே போதும். இரண்டு ஸ்ட்ரோப் வைத்துக்கொண்டு மிகக் கிட்டத்தில் போகும்போது மட்டும் இரண்டையும் உள்ளே இழுங்கள், இல்லையென்றால் நடுவில் இருட்டு விழும். ஸ்ட்ரோபின் முன்னால் மாட்டும் டிஃப்யூசர் ஒளியை மென்மையாக்கும், உண்மைதான். ஆனால் தப்பான இடத்தில் வைத்த ஸ்ட்ரோபை அது காப்பாற்றாது.

கேமரா செட்டிங்கில் பின்னணித் தண்ணீரையும் மீனையும் தனித்தனியாக யோசியுங்கள். பின்னால் தண்ணீர் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை ஷட்டர் ஸ்பீட், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், பார்த்துக்கொள்ளும். மீன்மேல் விழும் வெளிச்சத்தை லென்ஸ் துவாரமான அபெர்ச்சரும் ஸ்ட்ரோப் பவரும் பார்த்துக்கொள்ளும். மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் பெரும்பாலும் 1/200 அல்லது 1/250க்கு மேல் ஷட்டரைத் தூக்கினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஃபுல் பவரிலேயே வைத்து அடிப்பதும் வேண்டாம். பேட்டரி சீக்கிரம் தீரும், அடுத்த மின்னலுக்குத் தயாராகவும் நேரமெடுக்கும். ரெடி விளக்கு எரிவதற்குள் ஷட்டரை அமுக்கினால் படம் இருட்டுத்தான். ஸ்ட்ரோப் மின்னுவது கண்ணுக்குத் தெரிகிறது, படம் மட்டும் கறுப்பாக வருகிறதா? கேமரா ஃபிளாஷ் முதலில் சின்னதாக ஒரு முறை மின்னும், ஸ்ட்ரோப் அதற்கே தன் பலத்தைச் செலவழித்திருக்கும். இரண்டு பக்கமும் ப்ரீ-ஃபிளாஷ் செட்டிங் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரோப் போட்டிருக்கும்போது லென்ஸில் மாட்டிய சிவப்பு ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குக் கடல்வரை போக வேண்டியதில்லை. பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் அகலமான பாசனக் கிணறுகள் இன்னும் இருக்கின்றன. படிக்கட்டில் உட்கார்ந்து கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கினால் போதும். கல் சுவரில் ஒட்டின பாசி, அதன் ஓரம் மேய வரும் ஜிலேபிக் கெண்டை, கலங்கல் தண்ணீர்: பேக்ஸ்கேட்டரோடு மல்லுக்கட்ட இதைவிட நல்ல இடம் எது? இங்கே சுத்தமாகப் படம் எடுக்கத் தெரிந்தவருக்குப் பாண்டிச்சேரிக் கலங்கல் பெரிய விஷயமில்லை. ஒரே மீனை, ஸ்ட்ரோபை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்று, ஒரு முழம் தள்ளி ஒன்று, வெளியே திருப்பி ஒன்று என்று எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆனால் கிணற்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரரிடம், "அண்ணா, மோட்டாரை நிறுத்திட்டு மெயினையும் ஆஃப் பண்ணிடுங்க" என்று கேட்டு, ஃபியூஸைப் பிடுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே தண்ணீரில் கை வையுங்கள். மின்கசிவு இருந்தால் உயிர் போகும். தனியாகப் போகக் கூடாது. நெடுநாள் மூடிக் கிடந்த கிணறு, அடியில் கொஞ்சமே தண்ணீர் உள்ள ஆழக் கிணறு, இரண்டிலும் விஷவாயு தங்கியிருக்கலாம், இறங்கவே வேண்டாம். வீட்டு மாடியில் சோதித்துப் பார்க்கிறவர்கள் ஃபுல் பவரில் தொடர்ந்து அடிக்காமல் இருப்பது நல்லது. தண்ணீர்தான் ஸ்ட்ரோபின் சூட்டைத் தணிக்கிறது, காற்றில் சீக்கிரம் சூடேறும்.

பேட்டரி மூடியை மூடுமுன், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். கிரீஸ் மினுமினுப்புத் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும், அப்பினால் மண்ணைத்தான் பிடிக்கும். பேட்டரிகளில் பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். மே மாத வேலூர் வெயிலில் பூட்டிய காருக்குள் ஸ்ட்ரோபை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து வரும் வழியில் உப்புக் காய்ந்து கல்லாகிப் பட்டன், திருகு எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கிளம்புமுன்பே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே பட்டன்களை அமுக்கி, திருகுகளைத் திருப்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்து கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால் இன்னொரு சிக்கல்: பாலாற்றுப் படுகையில் பல ஊர்களில், முக்கியமாகத் தோல் தொழிற்சாலைப் பக்கங்களில், போர் தண்ணீரே உப்பு. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ஸ்ட்ரோபிலும் படியும். கடைசிக் கழுவலுக்கு ஒரு கேன் தண்ணீர் செலவழித்தால் தப்பில்லை. அப்புறம் நிழலில் உலர்த்தி, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ஓ-ரிங் அடுத்த டைவில் தண்ணீரைத் தடுக்காமல் போகலாம்.